முகத்தைக் கடைசியில் பாருங்கள்: ஆப்பிரிக்க உருவப் பானைகளை ரசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

கழுத்துக்கு மேல் மனிதத் தலை வைத்து வனைந்த ஒரு மண்பானை அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால், நம் கண் நேராக அந்தத் தலைக்குத்தான் போகும். கண் எப்படி இருக்கிறது, மூக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நொடி பார்ப்போம். "வித்தியாசமாக இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவோம். நானும் நெடுநாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்திலிருந்து தொடங்குகிறவருக்குப் பானை ஒரு சிலையாக, அதுவும் சற்றே கோணலான சிலையாக மட்டுமே தெரியும். அடியிலிருந்து தொடங்கி, வயிறு, கழுத்து, மேற்பரப்பு, அது செய்த வேலை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு முகத்துக்கு வந்தால், அதே முகம் வேறொன்றாகத் தெரியும். இந்த விளக்கம் முழுவதும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

தேவைப்படுபவை ஒரு நோட்டு, ஒரு பென்சில், அரை மணி நேரம் ஆகியவை மட்டுமே. நேரில் பார்க்க வாய்ப்பில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பின் படங்களை இணையத்தில் பார்வைக்கு வைத்திருக்கின்றன. ஒரே பொருளின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு ஆகிய மூன்று படங்களாவது இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முன்பக்கப் படம் மட்டும் இருந்தால் இந்தப் பயிற்சிக்கு உதவாது.

முதல் படி: "ஆப்பிரிக்கா" என்ற சொல்லைச் சுருக்குங்கள்

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளும் எண்ணற்ற மொழிகளும் கொண்ட ஒரு கண்டத்துக்கு ஒரே பானை மரபு இருக்க முடியாது. நைஜீரியாவின் நடுப்பகுதியில் கிடைக்கும் நோக் சுடுமண் சிற்பங்கள் கி.மு. முதல் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. அதே நாட்டின் தென்மேற்கில், யொருபா மக்களின் இஃபே நகரத்துச் சுடுமண் தலைகள் ஏறத்தாழ கி.பி. 12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை செய்யப்பட்டவை. தென்னாப்பிரிக்காவின் லைடன்பர்க் அருகே கிடைத்த ஏழு மண் தலைகள் ஏறத்தாழ கி.பி. 500ஐச் சேர்ந்தவை; அவை இப்போது கேப் டவுனில் இருக்கின்றன. இவற்றுக்கிடையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரமும் நூற்றாண்டுக் கணக்கான இடைவெளியும் உள்ளன. எனவே நோட்டின் முதல் வரியில் "ஆப்பிரிக்கப் பானை" என்று எழுதாமல் எந்த மக்கள், எந்த ஊர்ப் பகுதி, எந்தக் காலம் என்ற மூன்றையும் எழுதுங்கள். குறிப்புப் பலகையில் இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். அது பின்னால் பயன்படும்.

தொடக்கத்தில் எல்லோரும் நோக்கைத்தான் தேடிப் போகிறார்கள். அதன் கதை அப்படிப்பட்டது. 1928இல் வெள்ளீயச் சுரங்கம் தோண்டும்போது முதல் துண்டுகள் வெளிவந்தன. 1943இல் கிடைத்த ஒரு தலையை, அதன் மதிப்பு தெரியாமல், கிழங்குத் தோட்டத்தில் சோளக்கொல்லைப் பொம்மையாக நிறுத்திவைத்திருந்தார்கள். அங்கிருந்துதான் அது பெர்னார்ட் ஃபேக் என்ற தொல்லியலாளரின் கைக்கு வந்தது. ஆனாலும் நோக்கிலிருந்து தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பெரும்பாலானவை உடைந்த துண்டுகள். அவை என்ன வேலைக்குப் பயன்பட்டன என்று சொல்லக்கூடிய மக்கள் இன்று இல்லை. பயன்பாடு எழுத்தில் பதிவாகியுள்ள மரபு ஒன்றை எடுத்துக்கொள்வது தொடக்கக்காரருக்கு நல்லது. கானாவின் அகான் மக்களின் ஈமத் தலைகள், வடகிழக்கு நைஜீரியாவின் சாம், கஆண்டா, யுங்குர் மக்களின் பானைகள் ஆகியவை அத்தகையவை.

இரண்டாம் படி: அடியிலிருந்து மேலே வாருங்கள்

இப்போது தலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். கணினித் திரை என்றால் ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுங்கள். மீதி இருப்பது என்ன? உருண்ட அடியுள்ள பானை என்றால், அது சமதரையில் தானாக நிற்காது. மணலிலோ, மூன்று கல்லின் மேலோ, சும்மாட்டின் மேலோ வைக்கப்பட்டிருக்க வேண்டும். தட்டையான அடி என்றால் மேடையிலோ தரையிலோ நின்றிருக்கும். உள்ளே குடைவு இருக்கிறதா, வாய் திறந்திருக்கிறதா, நீரோ கள்ளோ ஊற்றக்கூடிய கலமா, அல்லது கலத்தின் வடிவத்தை மட்டும் கொண்ட சிற்பமா என்பதைத் தீர்மானியுங்கள்.

பானைக்கு வாய், கழுத்து, வயிறு என்று தமிழில் நாம் இயல்பாகச் சொல்கிறோம். உடலுறுப்புகளின் பெயரால் பானையைப் பேசும் வழக்கம் உலகின் பல மொழிகளில் இருக்கிறது; ஆனால் ஆப்பிரிக்காவின் சில சமூகங்களில் அது பேச்சோடு நிற்பதில்லை. வடக்கு கேமரூனின் மண்டாரா மலைப்பகுதியில் வாழும் மஃபா மக்களிடையே, பானைக்கும் மனிதருக்கும் உள்ள உறவு உவமையைத் தாண்டியது என்று அங்கே களப்பணி செய்த ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இறந்தவரின் ஆவி தங்குவதற்கென்று பானை வனையப்படுகிறது. அப்படிப்பட்ட இடத்தில், வயிற்றின் மேல் ஒட்டிய இரண்டு சிறு கைகள் வெறும் அலங்காரம் ஆகிவிடாது. தலையே இல்லாத பானையும் அங்கே உருவப் பானையாக இருக்கலாம்.

மூன்றாம் படி: கை எங்கே நகர்ந்தது என்று தேடுங்கள்

சகாராவுக்குத் தெற்கே உள்ள பெரும்பாலான மரபுகளில் குயவர் சக்கரம் கிடையாது. இதைக் குறையாக எண்ணுவது தவறு. சக்கரத்தில் மண் சுழலும், குயவர் உட்கார்ந்திருப்பார். இங்கே மண் அசையாமல் இருக்கும், வனைபவர் அதைச் சுற்றி வருவார். நைஜீரியாவின் குவாலி என்ற ஊரைச் சேர்ந்த லாடி குவாலி, தம் குவாரி மக்களின் வழக்கப்படி, மண்ணைச் சுற்றிச் சுற்றி நடந்தபடியே பெரிய தண்ணீர்ப் பானையை எழுப்பியவர். ஆங்கிலேயக் குயவர் மைக்கேல் கார்டியூ தொடங்கிய அபுஜா குயத்தொழில் பயிற்சி மையத்தில் 1954இல் சேர்ந்த பிறகும் அந்தக் கைமுறையை அவர் விடவில்லை. பானையின் மேல் பல்லி, பாம்பு, தேள் போன்ற உருவங்களைக் கீறி வரைவார். நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்புறத்தில், பானையோடு இருக்கும் அவரது உருவத்தை இன்றும் பார்க்கலாம்.

கை நகர்ந்த தடத்தைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் வாயின் உட்புற விளிம்பு: வெளிப்புறத்தை வழவழப்பாக்கியவர் உட்புறத்தைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருப்பார், விரல் இழுத்த கோடுகள் அங்கே தெரியும். அடுத்து, மண் திரிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய பானையில் திரிகள் சேர்ந்த இடம் மெல்லிய மேடு பள்ளமாக இருக்கும்; உடைந்த பானை என்றால் விரிசல் கிடைமட்டமாக, அந்தச் சேர்க்கையின் வழியே ஓடியிருக்கும். கடைசியாக மெருகு: உலர்ந்தும் உலராத பதத்தில் கூழாங்கல்லால் தேய்த்திருந்தால், சாய்ந்த வெளிச்சத்தில் குறுகிய பட்டைகள் ஒன்றையொன்று ஒட்டி மின்னும். அந்தப் பட்டைகள் எந்தத் திசையில் போகின்றன என்று பென்சிலால் வரைந்து பாருங்கள். ஒரு பெண்ணின் முழங்கை எந்தப் பக்கமாக மடங்கியது என்பது வரையும்போது உங்கள் கைக்கே புரியும்.

பெண்ணின் முழங்கை என்று எழுதியது தற்செயலானதல்ல. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் பானை வனைவது பெண்களின் தொழில். மாலியின் மண்டே மொழி பேசும் மக்களிடையே கொல்லர் குடும்பத்துப் பெண்களே குயவர்கள். கணவர் இரும்பை நெருப்பில் இட, மனைவி மண்ணை நெருப்பில் இடுகிறார். ஆண்கள் வனையும் மரபுகளும் உண்டு என்பதால், குறிப்புப் பலகையைப் பார்க்காமல் எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

நான்காம் படி: நெருப்பின் கறையை வாசியுங்கள்

இது சுருக்கமான படி. இந்தப் பானைகள் பெரும்பாலும் மூடிய சூளையில் சுடப்பட்டவை அல்ல. விறகும் வைக்கோலும் சாணமும் மேலே மூடி, திறந்த வெளியில் எரித்துச் சுட்டவை. வெப்பம் 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்கே ஏறும். காற்று நன்றாகப் பட்ட இடம் சிவக்கும். எரியும் விறகு உரசிய இடத்தில் கருமேகம் போன்ற திட்டு விழும். பானை முழுவதும் சீரான கறுப்பாக இருந்தால், சூடு தணியும் முன் தழையோ உமியோ போட்டு மூடிப் புகையூட்டியிருப்பார்கள். கரடுமுரடான மணலையோ இடித்த ஓட்டுத்தூளையோ மண்ணில் கலப்பதும் இந்தத் திடீர் நெருப்பைத் தாங்குவதற்காகத்தான். திட்டுகளை அழுக்கென்று எண்ணி ஒதுக்காமல், பானை நெருப்பில் எந்தப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது என்பதை அவற்றிலிருந்து ஊகியுங்கள்.

ஐந்தாம் படி: தோலைத் தடவுவதுபோல் பாருங்கள்

புள்ளிகள், கீறல்கள், ஒட்டிய மண் குமிழ்கள் ஆகியவற்றை "வேலைப்பாடு" என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடாதீர்கள். வடகிழக்கு நைஜீரியாவின் கஆண்டா மக்களிடையே, ஒரு பெண் மணம் முடிக்கும் வயதை நெருங்கும் ஆண்டுகளில் அவள் உடலில் படிப்படியாகத் தழும்புக் கோலங்கள் இடும் வழக்கம் இருந்தது. அதே கோலங்கள் அவர்களுடைய வழிபாட்டுப் பானைகளின் வயிற்றிலும் இருக்கின்றன. பானையின் மேற்பரப்பு அங்கே தோலாகவே நடத்தப்பட்டிருக்கிறது.

இந்தப் படியைப் பயில ஒரு குறிப்பிட்ட உருவத்தைச் சொல்கிறேன். பானையாக இல்லாவிட்டாலும் மண்ணின் மேற்பரப்பைப் படிக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. மாலியின் நைஜர் ஆற்று உட்கழிமுகப் பகுதியைச் சேர்ந்த, 13ஆம் நூற்றாண்டின் அமர்ந்த உருவம் ஒன்று மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். ஒரு காலை மடக்கி உயர்த்தி, அதைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து முழங்காலின் மேல் வைத்திருக்கிறது. கைகால்கள் எலும்பு மூட்டே இல்லாததுபோல் உருண்டு, ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. முன்பக்கத்திலிருந்து பார்க்கும்போது துக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்று தோன்றும். பின்பக்கப் படத்தைத் திறந்தால் வேறொன்று தெரிகிறது: முதுகு நெடுகிலும் புடைத்த குமிழ்கள் வரிசைகளாகவும், குத்திய குழிகள் வரிசைகளாகவும், இடமும் வலமும் ஒத்து அமைந்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் வழவழப்பு. முதுகு மட்டும் சொரசொரப்பு. அவை தழும்புக் கோலமாக இருக்கலாம், நோயின் கொப்புளங்களாகவும் இருக்கலாம் என்று இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. குமிழ்களை எண்ணி வரைந்து பாருங்கள். அத்தனை ஒழுங்கு எனக்குக் கோலத்தின் பக்கமே சாய்வைத் தருகிறது. ஆனால் அந்த உட்காரும் நிலையைப் பார்க்கும்போது நோய் என்ற விளக்கத்தையும் விட மனம் வருவதில்லை.

ஆறாம் படி: அது என்ன வேலை செய்தது என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். சாம் மக்களின் பானை ஒன்றை முதன்முதலில் படத்தில் பார்த்தபோது, பிளந்த வாயையும் முறுகிய உடலையும் கண்டு, வனைந்தவருக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்றே நினைத்தேன். அந்தப் பானைகளின் பெயர் "இத்தினாதே" என்றும், அவை நோய் தீர்க்கும் கலங்கள் என்றும் பிறகே தெரிந்தது. நோயுற்றவர் மருத்துவம் தெரிந்த குயவரிடம் போகிறார். அவர் களிமண் உருண்டையை எடுத்து நோயாளியைச் சுற்றிக் காட்டி, நோயை மண்ணுக்கு மாற்றுகிறார். அந்த மண்ணையே பானையாக வனைகிறார். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வடிவம் உண்டு. எங்கே வலிக்கிறதோ, எது வீங்கியிருக்கிறதோ, அது பானையின் உடலில் வெளிப்படும். வலிக்கும் உடலை அழகாக வனைந்தால் வலி எப்படி அதற்குள் இறங்கும்? அந்தக் கோணல் கைப்பழக்கக் குறைவால் வந்ததன்று. வனைந்தவர் தெரிந்தே கொடுத்த வடிவம் அது.

அகான் மக்களின் ஈமத் தலைகளோ இதற்கு நேர்மாறாக அமைதி ததும்புபவை. ஊர்ப் பெரியவரோ அரச குடும்பத்தவரோ இறந்தால், தேர்ந்த பெண் குயவர் அவருடைய தலையைச் சுடுமண்ணில் வனைவார். அது உடலைப் புதைத்த இடத்தில் அல்லாமல் பெரும்பாலும் "அசென்சியே" என்ற தனித் தோப்பில், மற்றக் கலங்களோடு வைக்கப்படும்; அந்தச் சொல்லுக்குப் பானைகளின் இடம் என்று பொருள். கினி கடற்கரையில் இத்தகைய மண் உருவங்களைக் கல்லறைகளில் வைக்கும் வழக்கத்தை, 1602இல் வெளியான பீட்டர் டி மாரீஸ் என்ற டச்சுக்காரரின் பயணக் குறிப்பே குறிப்பிடுகிறது. தலையோடு கூடவே "அபுசுவா குருவா" எனப்படும் குடும்பப் பானையும் இருக்கும். அருங்காட்சியகத்தில் தலை ஒரு பெட்டியிலும் பானை வேறொரு பெட்டியிலும் இருப்பதைப் பார்க்கும்போது, அவை ஒரே தோப்பில் மழையில் நனைந்தபடி சேர்ந்திருந்தவை என்பதை நீங்கள்தான் மனத்தில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

யுங்குர் மக்களின் "வீசோ" பானைகளும் இறந்த முன்னோர்களுக்கானவையே. வடமேற்கு நைஜீரியாவின் டக்கக்காரி மக்கள், பெரும் வீரர், வேட்டைக்காரர், மல்லர் போன்றோரின் கல்லறை மேல் யானை முதலிய சுடுமண் உருவங்களை நிறுத்தினார்கள். அவற்றையும் பெண்களே வனைந்தார்கள். நோட்டில் இந்தப் படிக்கு எழுத வேண்டிய கேள்விகள் இவை: பானைக்குள் என்ன ஊற்றப்பட்டது, வீட்டிலா காட்டிலா கல்லறையிலா எங்கே இருந்தது, வேலை முடிந்த பிறகு அதை என்ன செய்தார்கள்.

ஏழாம் படி: குறிப்புப் பலகையைச் சந்தேகத்தோடு படியுங்கள்

"பாரம்பரியம்" என்ற சொல்லைக் கண்டால் நின்று யோசியுங்கள். காங்கோவின் வடகிழக்கில் வாழும் மங்பெட்டு மக்களின் தலைப் பானைகள் உலகப் புகழ் பெற்றவை. குழந்தைப் பருவத்தில் துணி கட்டி நீட்டிய மண்டையும், பின்னோக்கி விரிந்த கொண்டையும் கழுத்துக்கு மேல் எழும்பி நிற்கும். பார்ப்பவர் இவை தொன்றுதொட்டு வருபவை என்றே நம்புவார். ஆனால் இந்த வகை தழைத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில பத்தாண்டுகளில்தான்; தலைவர்கள் தங்கள் பெருமைக்காகவும் ஐரோப்பியருக்குப் பரிசளிக்கவும் அவற்றைச் செய்வித்தார்கள். 1909 முதல் 1915 வரை அங்கே தங்கிய ஹெர்பர்ட் லாங், ஜேம்ஸ் சாப்பின் குழுவினர் சேகரித்த பொருள்கள் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாங்க ஆள் வந்ததால் பெருகிய கலை என்பதால் அதன் தரம் குறைந்துவிடாது. பழமை என்று நாமாக ஏற்றிய சுமையை மட்டும் இறக்கிவைத்தால் போதும்.

முதல் படியில் வெறுமையாக விட்ட இடங்களுக்கு இப்போது திரும்புங்கள். ஊர்ப் பெயர் இல்லையென்றால், அந்தப் பொருள் முறையான அகழாய்வில் கிடைத்ததல்ல என்று கருத இடமுண்டு. மாலியின் ஜென்னே-ஜெனோ மேட்டில் 1977இல் சூசன், ரோடெரிக் மெக்கின்டாஷ் இணையர் அகழ்ந்தபோது கிடைத்தவற்றுக்கு மண்ணடுக்கும் இடமும் தெரியும்; அதே பகுதியிலிருந்து கள்ளத்தனமாகத் தோண்டி வெளிநாடு சென்றவற்றுக்கு அவை தெரியா. கொள்ளைபோகும் ஆபத்திலுள்ள ஆப்பிரிக்கத் தொல்பொருள் வகைகள் என்று பன்னாட்டு அருங்காட்சியகக் கழகம் 2000இல் வெளியிட்ட சிவப்புப் பட்டியலில் நோக், இஃபே, நைஜர் பள்ளத்தாக்குச் சுடுமண் பொருள்கள் இடம்பெற்றன. பாரிஸின் புதிய அருங்காட்சியகம் ஒன்றுக்காக வாங்கிய நோக் உருவங்களும் வடமேற்கு நைஜீரியாவின் சொக்கோட்டோ பகுதி உருவமுமாக மொத்தம் மூன்று நைஜீரியாவுக்கே உரியவை என்று பிரான்சு 2002இல் ஒப்புக்கொண்டு, அவற்றைக் கடனாக வைத்துக்கொண்டது.

விலைக்கு வாங்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. "சோதனைச் சான்றிதழ் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால் மயங்க வேண்டாம். வெப்ப ஒளிர்வுச் சோதனை, மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை மட்டும், அதுவும் துளையிட்டு எடுத்த அந்தப் புள்ளிக்கு மட்டுமே சொல்லும். பழைய ஓடுகளை ஒட்டிப் புதுத் தலை சேர்த்தால், ஓட்டில் எடுத்த மாதிரி பழமையென்றே காட்டும். வீட்டுக்கு ஒன்று வேண்டுமானால் இன்று வனையும் குயவரின் பெயரோடு வரும் பானையை வாங்குங்கள். பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் கைவேலையைப் பார்த்த பிறகு, ஒரு பெயரைப் படிப்பதே நிறைவாக இருக்கும்.

எட்டாம் படி: இப்போது முகம்

ஒட்டிய காகிதத்தை எடுத்துவிடுங்கள். அகான் தலை என்றால், முகம் தட்டையாகவும் நெற்றி விரிந்தும் இருப்பதையும், கழுத்தில் வளையங்கள் விழுவதையும் காண்பீர்கள்; கழுத்து மடிப்பு அங்கே அழகின் அடையாளம். இறந்தவரின் அச்சு அசலான சாயலைத் தேடாதீர்கள், சிகையும் தழும்புமே ஆளை அடையாளம் காட்டின. இஃபே தலை என்றால், நெற்றியிலிருந்து தாடை வரை இழுத்த மெல்லிய கோடுகளைப் பின்தொடருங்கள். கோடுகள் கன்னத்தின் வளைவோடு சேர்ந்து வளைவதால் தசை அசைவதுபோல் தெரியும்.

நோக் தலையைப் பார்க்க இப்போது உங்கள் கண் பழகியிருக்கும். முக்கோணம் போன்ற கண், அதன் நடுவே பாவைக்காகக் குத்திய துளை. மூக்கிலும் வாயிலும் காதிலும் துளைகள். முதல் பார்வையில் அந்தத் துளைதான் நம்மை உற்றுப் பார்ப்பதுபோல் தோன்றும். மூன்றாம் படியையும் நான்காம் படியையும் கடந்து வந்தவர் அதில் இன்னொன்றையும் காண்பார்: உள்ளே குடைவாக உள்ள ஒரு மண் தலை நெருப்பில் வேகும்போது நீராவி வெளியேற வழியில்லையென்றால் வெடித்துவிடும். அந்தத் துளையின் வழியே ஆவி போனது, சூடும் உள்ளே சென்று பரவியது. படத்தைப் பெரிதாக்கி, துளையின் விளிம்பில் குச்சி நுழைந்தபோது பிதுங்கிய மண் தெரிகிறதா என்று பாருங்கள்.